போர் வற்றவில்லை, மோட்டார்தான் திரும்பிச் சுற்றியது

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி பெரியப்பாவிடமிருந்து போன். "கண்ணு, நம்ம போர் வத்திப்போச்சாட்ட இருக்குது. கட்டைவெரல் தண்டிதான் தண்ணி வருது. நாளைக்கு வண்டிக்காரன வரச் சொல்லியிருக்கறேன். மோட்டாரத் தூக்கிப் பாத்தரலாம்" என்றார்.

தூக்கி இறக்க ஏழாயிரம் ரூபாய் பேசியிருந்தார்கள். போர் 520 அடி. 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் 400 அடியில் தொங்குகிறது, இறக்கி நாலு வருடம் ஆகிறது. கோடைதான் என்றாலும் போன வருடம் இதைவிட மோசமான கோடையிலும் நின்று போகாத போர் அது.

"எப்ப இருந்துங்க பெரியப்பா இப்படி?"

"அந்தக் காத்தடிச்சு கம்பம் சாஞ்சுதுல்ல, அதுக்கப்புறம் கரண்டு வந்த நாள்ல இருந்தே தண்ணி கம்மிதான். பேனல்ல டிரை ரன் லைட்டு எரிஞ்சு எரிஞ்சு மோட்டாரு நின்னுபோகுது. உள்ள தண்ணி இல்லாம எப்படி அந்த லைட்டு எரியும்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வேறு ஏதேதோ பேசிவிட்டு வைக்கப் போகும்போது, ராகி அரைக்க வழியில்லை என்று சலித்துக்கொண்டார். ஊர் மாவு மில்லில் மிஷின் திருப்பிச் சுற்றுகிறதாம், ஆள் வந்து பார்க்கட்டும் என்று நாலு நாளாக நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். மில்லும் எங்கள் தோட்டமும் ஒரே டிரான்ஸ்பார்மர்.

"பெரியப்பா, வண்டிக்காரனை வர வேண்டாம்னு சொல்லுங்க. மோட்டாரும் போட வேண்டாம். நான் காலைல வர்றேன்."

"ஏன், கரண்டு என்ன திரும்பியா வரும்?" என்று சிரித்தார்.

கிட்டத்தட்ட அதுதான் நடந்திருந்தது. சாய்ந்த கம்பத்தைச் சரிசெய்தபோது, மும்முனை மின்சாரத்தின் மூன்று லைனில், அதாவது மூன்று பேஸில், இரண்டு இடம் மாறிவிட்டிருந்தன.

நான் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மோட்டார் திரும்பிச் சுற்றுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் மில்லில் மோட்டார் கண் முன்னால் இருக்கும். விசிறியைப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்ததும் இரண்டு ஒயரை மாற்றிவிட்டுப் போய்விடுவோம். 400 அடிக்குக் கீழே சுற்றுகிற மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யார் எட்டிப் பார்ப்பது? சத்தமும் வித்தியாசமாக இருக்காது, பியூஸும் போகாது. இதில் இன்னொரு குழப்பம் என்னவென்றால், சப்மெர்சிபிள் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் வரும். பம்பின் இம்பெல்லர், அதாவது உள்ளே சுற்றும் இறக்கைச் சக்கரம், எந்தப் பக்கம் சுற்றினாலும் தண்ணீரை வெளிப்பக்கமாகத்தான் வீசும், உறிஞ்சி உள்ளே இழுக்காது. இறக்கைகளின் வளைவு எதிர்ப்பக்கமாக இருப்பதால் அழுத்தம் மட்டும் பாதிக்குப் பாதி குறைந்துபோகும். மேல்மட்டத்திலேயே தண்ணீர் கிடக்கிற கிணறாக இருந்தால் ஓரளவு வந்துகொண்டே இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. எங்கள் போரில் தண்ணீர் 200 அடி சுமாருக்குக் கீழே. அந்த உயரத்தைத் தாண்டியதும் பம்பிடம் மிச்சமிருந்த தெம்பு ஒரு கட்டைவிரல் தண்ணீருக்குத்தான் போதுமாக இருந்திருக்கிறது.

டிரை ரன் விளக்கு எரிந்ததும் இதனால்தான். அந்த விளக்கை எரியவிட்டு மோட்டாரை நிறுத்தும் ரிலே போருக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மோட்டார் இழுக்கும் ஆம்பியரைத்தான் பார்க்கிறது. ஆம்பியர் குறைந்தால் பம்புக்கு வேலை இல்லை, ஆகவே தண்ணீர் இல்லை என்று அதுவாக முடிவுகட்டிக்கொள்கிறது. வற்றிய போருக்கும் திரும்பிச் சுற்றும் எங்கள் பம்புக்கும் ரிலேயின் கண்ணில் வித்தியாசம் இல்லை. ஆனால் வாய்க்காலில் நிற்கிறவனுக்கு வித்தியாசம் தெரியும். போர் வற்றுகிறது என்றால் போட்டவுடன் முழுக் குழாய்த் தண்ணீர் வந்து, பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பி, அப்புறம்தான் இளைக்கும். எங்களுடையது போட்டதிலிருந்தே ஒரே சீராக இளைத்துத்தான் வந்திருக்கிறது. பெரியப்பாவிடம் போனில் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வேலை பார்க்கும் மில்லின் பேஸ் வரிசை மீட்டர் கிடைக்கவில்லை. ஸ்டோர் பூட்டு, சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை. மூன்று பேஸும் எந்த வரிசையில் வருகின்றன என்று காட்டும் உள்ளங்கை அளவுப் பெட்டி அது. மூன்று ஒயரை மாட்டி பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு வட்டத் தகடு சுற்றும். தகட்டில் இருக்கும் அம்புக்குறி திசையில் சுற்றினால் வரிசை சரி, எதிர்ப்பக்கம் சுற்றினால் தப்பு. குட்டி மோட்டார்தான், வேறொன்றும் மாயமில்லை. புதிதாக வருபவற்றில் தகடு இருக்காது, எல்.இ.டி. விளக்கு மட்டும் இருக்கும்.

மீட்டர் இல்லை என்றதும் படிக்கிற காலத்தில் ஆய்வகத்தில் செய்த பழைய வித்தை ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு கப்பாசிட்டர், இரண்டு பல்பு. மூன்றின் ஒரு முனையையும் ஒன்றாக முறுக்கிக் கட்டி, மறுமுனைகளை மூன்று பேஸிலும் கொடுத்தால் ஒரு பல்பு பளிச்சென்று எரியும், மற்றது மங்கும். எது பளிச்சென்று எரிகிறது என்பதை வைத்து வரிசையைச் சொல்லிவிடலாம்.

மூன்று பேஸ் என்பதை நான் பெரியப்பாவுக்கு ராட்டினத்தை வைத்துச் சொன்னேன். தேர்நோம்பிக்கு வரும் கை ராட்டினத்தைச் சுற்றி மூன்று ஆள் நிற்கிறார்கள். முதல் ஆள் தள்ளி முடித்ததும் அடுத்தவன், அவன் முடித்ததும் மூன்றாமவன், மறுபடி முதல் ஆள். நம் மின்சாரத்தில் ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லி செகண்டு. ஆகவே ஒவ்வொரு ஆளும் முன்னவனுக்கு 6.67 மில்லி செகண்டு கழித்துத் தள்ளுகிறான். மூன்று பேஸுக்கும் ஆர், ஒய், பி (சிவப்பு, மஞ்சள், நீலம்) என்று பெயர். அந்த வரிசையில் தள்ளினால் ராட்டினம் ஒரு பக்கம் போகும். இரண்டு பேர் இடம் மாறி நின்றால் தள்ளும் முறை ஆர், பி, ஒய் என்றாகிவிடும், ராட்டினம் எதிர்ப்பக்கம் போகும். ஆனால் மூன்று பேரும் ஒரே பக்கமாக ஒவ்வொரு இடம் தள்ளி நின்றால் ஒன்றும் மாறாது. யார் முதலில் ஆரம்பித்தார் என்பது ராட்டினத்துக்குத் தெரியாது, யாருக்குப் பின் யார் என்பது மட்டும்தான் தெரியும். கடைசியில் சொன்ன இது பிற்பாடு வேறொரு வேலைக்கும் உதவியது, அங்கே வருகிறேன்.

கப்பாசிட்டரைப் பழைய சீலிங் பேனிலிருந்து கழற்றினேன். 2.5 மைக்ரோ பாரட், 440 வோல்ட். பல்புதான் கிடைக்கவில்லை. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. உள்ளே இருக்கும் சர்க்யூட் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வெளிச்சம் தரப் பார்க்கும், நமக்கு வேண்டியதோ அந்த ஏற்ற இறக்கம். இழை உள்ள குண்டு பல்புதான் வேண்டும். இரண்டு கடை ஏறி இறங்கி, கடைசியில் ஊருக்குப் போகிற வழியில் கோழித் தீவனக் கடையில் கிடைத்தது. குஞ்சுகளுக்குச் சூடு வைக்கப் போடும் 60 வாட் பல்பு, நாலு வாங்கினேன்.

நாலு எதற்கு? பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 60 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை சுமார் 880 ஓம். இரண்டைத் தொடராகச் சேர்த்தால் 1760. பேன் கப்பாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் சுமார் 1270 ஓம் காட்டும். ஒரு பேஸுக்கு 240 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், பளிச்சென்று எரியும் பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 390 வோல்ட் வருகிறது, மங்கும் பக்கத்துக்கு 120. ஒற்றைப் பல்பாகப் போட்டிருந்தால் 390 வோல்ட்டில் போட்ட மாத்திரத்தில் போயிருக்கும். இரண்டாகப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 195. மங்கும் பக்கம் ஒவ்வொன்றுக்கும் 60, அதாவது இழை மட்டும் செக்கச்செவேலென்று தெரியும். பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். கப்பாசிட்டருக்கு 300 வோல்ட் சுமார், 440 தாங்கும் என்று எழுதியிருப்பதால் அது பிழைத்துக்கொள்ளும்.

பளிச்சென்று எரிவது கப்பாசிட்டருக்கு அடுத்த பேஸா, முந்தைய பேஸா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. நினைவை நம்பி இதைச் செய்யக் கூடாது, தப்பாகச் சொன்னால் சரியாக இருப்பதைப் பிடுங்கி மாற்றிவிடுவோம். கணக்கை இரண்டு தடவை போட்டேன். அடுத்த பேஸ்தான். ஆரில் கப்பாசிட்டர் இருந்து, வரிசை ஆர், ஒய், பி என்று இருந்தால் ஒய்யில் இருக்கும் பல்புதான் பளிச்சிடும். கப்பாசிட்டர், வெளிச்சம், மங்கல் என்று கையில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மரப்பலகையில் நாலு ஹோல்டரை அடித்தேன். சிவப்பு ஒயர் கப்பாசிட்டருக்கு, மஞ்சள் முதல் ஜோடிக்கு, நீலம் இரண்டாவது ஜோடிக்கு. ஒவ்வொரு ஒயரிலும் 2 ஆம்பியர் கண்ணாடி பியூஸ். கப்பாசிட்டருக்குக் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, கரண்டை நிறுத்தியபின் கப்பாசிட்டரில் தங்கியிருப்பதை வடித்துவிட. மூன்றும் கூடுகிற நடு முடிச்சை நியூட்ரல் என்று எண்ணிவிடக் கூடாது. ஆய்வகத்தில் என்னோடு படித்த ஒருவன் அப்படி எண்ணித் தொட்டு உதறிக்கொண்டான். சமமில்லாத சுமை என்பதால் அந்த முடிச்சு இடம் பெயர்ந்து நிற்கும். என் கணக்கில் அது பூமிக்கு 170 வோல்ட் சுமாரில் இருந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பெட்டிக்குள் வைத்து மூடித் திருகினேன். மொத்தச் செலவு இருநூறு ரூபாய்க்குள். 415 வோல்ட்டில் கைவைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பலகையைச் செய்து பார்க்க வேண்டாம், மீட்டர் ஒன்றும் ஆனை விலை இல்லை.

பேனலைத் திறந்தால் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, கதவின் உள்பக்கம் நாலு வருடத்துக்கு முன் என் கையாலேயே மார்க்கரில் எழுதியது: "மோட்டார் சரியான சுற்று. ஆர் ஒய் பி. மீட்டரில் பார்த்தது." எழுதியதையே மறந்துவிட்டிருந்தேன். இது இல்லையென்றால் என் பல்புப் பலகையால் பாதி வேலைதான் நடந்திருக்கும். ஏனென்றால் பேஸ் வரிசைச் சோதனை கம்பத்திலிருந்து வருவது எந்த வரிசை என்று மட்டும் சொல்லும். கீழே மோட்டாரின் மூன்று ஒயரை வயர்மேன் எப்படி ஜாயின்ட் அடித்தார் என்பது அதற்குத் தெரியாது. கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம் இருக்கிறதே என்றால், 400 அடிக்குக் கீழே ஒட்டுப் போட்ட இடத்தில் நிறத்துக்கு நிறம் சேர்த்தார்களா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கம்பத்து லைனிலோ நிறமே கிடையாது, எல்லாம் வெறும் அலுமினியக் கம்பி. அன்றைக்கு மோட்டாரை இறக்கி, இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்து, தண்ணீர் அதிகம் வந்த பக்கத்தைச் சரியான பக்கம் என்று முடிவு செய்து, அப்போது கரண்டின் வரிசை என்ன என்றும் பார்த்து எழுதியிருக்கிறேன். சப்மெர்சிபிளுக்குத் திசை பார்க்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது, ஒரு பேஸ் இல்லாமல் போனால் மோட்டாரை ஓட விடாத சிங்கிள் பேஸ் பிரிவென்டரின் இரண்டு முனைகளைச் சேர்த்து ஒரு துண்டு ஒயர் முறுக்கியிருந்தது. மும்முனை மின்சாரம் நாளில் சில மணி நேரம் மட்டும் வந்த காலத்தில், கப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டுவதற்காகப் பிரிவென்டரைத் தாண்டிவிட்ட ஒயர் அது. அந்தக் காலம் போயும் ஒயர் போகவில்லை. பேஸ் வரிசை மாறினாலும் மோட்டாரை எடுக்க விடாத பிரிவென்டர் அது. அதன் வாயைக் கட்டிவிட்டு நாலு நாள் மோட்டாரைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறோம். நான் மோட்டார் இறக்கிய அன்றே அதைக் கவனித்திருக்க வேண்டும்.

சரி, சோதனை. முதலில் மல்டிமீட்டரில் மூன்று பேஸும் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தேன். ஆர்-ஒய் 404, ஒய்-பி 398, பி-ஆர் 405. இதைச் செய்யாமல் பல்பை மாட்டினால் ஏமாந்துபோவோம். மூன்றாவது பேஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நீல ஜோடி எரியாது, மஞ்சள் ஜோடி நன்றாகவே எரியும். பார்ப்பவன் வரிசை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவான். கப்பாசிட்டர் இருக்கும் பேஸ் இல்லையென்றால் இரண்டு ஜோடியும் சமமாக எரியும். மோட்டார் ஓடும்போதும் இதைப் பார்க்கக் கூடாது, இல்லாத பேஸுக்கும் மோட்டாரே திருப்பி வோல்டேஜ் கொடுத்து இருப்பதுபோலக் காட்டும்.

மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். டெஸ்டர் வைத்துப் பார்த்து, பேனலுக்குள் கரண்டு வந்து சேரும் முனைகளில் மூன்று ஒயரையும் திருகினேன். கேரியரை மாட்டி, பலகையை ஸ்டூலில் வைத்து, பெரியப்பாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு சுவிட்சை ஏற்றினேன்.

நீல ஜோடி பளிச்சென்று எரிந்தது. மஞ்சள் ஜோடியில் இழை மட்டும் அடுப்புத் தணல் மாதிரி சிவந்து நின்றது. வரிசை ஆர், பி, ஒய். தலைகீழ்.

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார், "நம்மளுக்கும் அதே தொந்தரவுதானுங்க. அன்னிக்கே வயர்மேன் வந்து ரெண்டு ஒயர மாத்திக் குடுத்துட்டுப் போயிட்டாரு. உங்க வீட்ல சொல்லலீங்களா?" சொல்லவில்லை.

எந்த இரண்டை மாற்றினாலும் போதும், ஆனால் எங்கே மாற்றுவது என்பதில் யோசிக்க வேண்டியிருந்தது. ஸ்டார்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் முனைகளில் மாற்றுவதுதான் சுலபம், எல்லா வயர்மேன்களும் அதைத்தான் செய்வார்கள். அதே பேனலிலிருந்து சொட்டுநீர்த் தொட்டிக்கு ஒரு 3 எச்.பி. மோட்டாரும் ஓடுகிறது. மோட்டார் பக்கம் மாற்றினால் அதையும் தனியாக மாற்ற வேண்டும், கதவில் எழுதியிருப்பதும் பொய்யாகிவிடும். ஆகவே மெயின் சுவிட்சிலிருந்து பேனலுக்குப் போகும் மூன்றில் மஞ்சளையும் நீலத்தையும் மாற்றினேன். அதற்கு முன்னால் உள்ள சீல் வைத்த பெட்டியில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. திருகி முடித்து மறுபடி பல்புப் பலகையில் பார்த்தேன். இப்போது மஞ்சள் ஜோடி பளிச், நீலம் தணல்.

மோட்டாரை உடனே போடவில்லை. காலையில் நான் வருவதற்குள் மனசு கேட்காமல் பெரியப்பா ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தார். அது ஒரு மணி நேரத்துக்கு முன் என்பதால் பயமில்லை. ஆனால் இப்போதுதான் நின்ற சப்மெர்சிபிளை உடனே மறுபக்கம் எடுக்க விடக் கூடாது. தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வு சரியாக உட்காரவில்லை என்றால் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும்போது பம்பைத் திருப்பிச் சுற்றிவிடும். அந்த நேரத்தில் ஸ்டார்டரை அமுக்கினால் ஷாப்டே முறியலாம்.

ஸ்டார்டர் பச்சைப் பட்டன். தொட்டிக் குழாயில் முதலில் காற்று, அப்புறம் ஒரு செருமல், அப்புறம் குழாய் நிறையத் தண்ணீர். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து வண்டிக்காரரிடம், "நீங்க இனி வர வேண்டியதே இல்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரைப் போட்டுப் பார்த்தேன். ஆரில் 14.2, ஒய்யில் 13.1, பியில் 15.0 ஆம்பியர். தலைகீழாக ஓடும்போது எவ்வளவு இழுத்தது என்று பெரியப்பா பேனல் மீட்டரைப் பார்த்து வைத்திருந்தார், 10 சுமார். தண்ணீர் குறைவாக ஓடுவதில் கரண்டு மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவதே அதன் உடம்பை உரசிக்கொண்டு மேலே போகும் தண்ணீர்தான். கட்டைவிரல் தண்டித் தண்ணீரில் நாள் முழுக்க ஓட்டியிருந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், வெந்திருக்கும். டிரை ரன் ரிலே தப்பான காரணத்தைச் சொல்லித்தான் மோட்டாரை நிறுத்தியது, ஆனாலும் காப்பாற்றியது.

மூன்று ஆம்பியரும் ஒன்றாக இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. சராசரி 14.1. அதிலிருந்து மிக விலகியது ஒய், 1.0 குறைவு. ஏழு சதவீதம். ஐந்துக்குள் இருக்க வேண்டும். கோளாறு மோட்டார் காயிலிலா, கேபிள் ஒட்டிலா, வருகிற கரண்டிலா? இங்கேதான் அந்த ராட்டின விஷயம். ஸ்டார்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரையும் ஒரே பக்கமாக ஒவ்வொரு இடம் நகர்த்தி மாட்டினால் சுற்றும் திசை மாறாது, ஆனால் மோட்டாரின் ஒவ்வொரு காயிலும் வேறு பேஸுக்குப் போய்விடும். அதிக ஆம்பியர் ஒயரோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் கீழே இருக்கிறது. பேஸோடு நின்றுவிட்டால் குற்றம் மேலே இருக்கிறது.

பத்து நிமிடம் விட்டு, ஒயரை நகர்த்தி மறுபடி ஓட்டினேன். ஆர் 14.3, ஒய் 13.2, பி 14.8. இன்னொரு தடவை நகர்த்தியும் ஒய்தான் குறைவு, பிதான் அதிகம். பேஸோடுதான் நிற்கிறது. ஆகவே மோட்டாரும் ஒட்டும் நன்றாக இருக்கின்றன, வருகிற வோல்டேஜில்தான் ஏற்றத்தாழ்வு. முன்னால் எழுதி வைத்த 404, 398, 405-ஐ எடுத்துப் பார்த்தால் விலகல் ஒரு சதவீதம்தான். ஆனால் மோட்டாரில் வோல்டேஜ் விலகல் ஒரு சதவீதம் இருந்தால் ஆம்பியரில் அது ஆறு முதல் பத்து மடங்காகத் தெரியும். கணக்கு ஒத்துப்போனது. மூன்று மாட்டலில் விலகல் குறைவாக இருந்ததை, அதாவது இரண்டாவதை, அப்படியே வைத்துவிட்டு மூடினேன். மோட்டாரைத் தூக்கியிருந்தால் ஏழாயிரத்தோடு போயிருக்காது. தூக்கிய மோட்டாரைச் சும்மா இறக்க யாருக்கும் மனசு வராது. காயில் கட்டு, ஒட்டு புதிதாகப் போடு, அப்படியே பம்பையும் பிரித்துப் பார் என்று போயிருக்கும். மறுபடி இறக்கி ஓட்டினால் அதே கட்டைவிரல் தண்ணீர்.

திங்கட்கிழமை மில்லில் ஸ்டோர் திறந்ததும் மீட்டரை எடுத்து, என் பலகையையும் பக்கத்தில் வைத்து ஒரே முனையில் மாட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே ஒயரைத் திருப்பியும் பார்த்தேன். இரண்டும் ஒரே பதிலைச் சொல்லின. எங்கள் மில்லில் இப்படி ஒரு தடவை ஜெனரேட்டர் புதிதாக வைத்தபோது, கரண்டு போய் ஜெனரேட்டருக்கு மாறியதும் ஸ்குரூ கம்ப்ரசர் எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. வரிசை ரிலே இருந்ததால் நின்றது. இல்லாவிட்டால் திரும்பிச் சுற்றிச் சில விநாடியிலேயே எண்ணெய் இல்லாமல் ஸ்குரூ பிடித்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஜெனரேட்டர் ஒயரைத் தொட்டால் மீட்டர் வைக்காமல் நாங்கள் சுவிட்சை ஏற்றுவதில்லை. இதை மில்லில் செய்கிறவனுக்குத் தோட்டத்தில் செய்யத் தோன்றவில்லை, பாருங்கள்.

வாய் கட்டிய அந்தப் பழையதற்குப் பதிலாக, வரிசை பார்க்கிற புதுப் பிரிவென்டர் ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிப் போனது. பன்னிரண்டாவது நாள் பெரியப்பா போன் செய்தார்.

"கண்ணு, மறுக்காவும் கட்டைவெரல் தண்ணிதான்."

"காத்து கீத்து அடிச்சுதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. காலைல கம்பத்துல ஏறி என்னமோ பண்ணிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் மில்லு ஓடுது."

மாவு மில்காரர் விடாமல் சொல்லிச் சொல்லி, கம்பத்தில் மாறியிருந்த ஜம்பரை, அதாவது லைனை இணைக்கும் துண்டுக் கம்பியை, சரிசெய்ய வைத்துவிட்டார். லைன் பழையபடி ஆர், ஒய், பி ஆகிவிட்டது. நான் மாற்றி வைத்த ஒயரால் எங்கள் பேனல் இப்போது தலைகீழ். பக்கத்துத் தோட்டமும் அப்படித்தான். பல்புப் பலகையை அங்கேயே விட்டு வந்திருந்தேன். வயர்மேனைக் கூப்பிட்டு அதை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். அரைமணி நேரத்தில் போன் வந்தது. பெரியப்பாதான் பேசினார். "கடேசி ஜோடிதான் பளிச்சுனு எரியுது, மொத ஜோடி தணலு. அப்படீன்னா திருப்பிதானே?"

மெயின் சுவிட்சுக்குக் கீழே நான் மாற்றியதைப் பழையபடி மாற்றித் திருகச் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே புதுப் பிரிவென்டரோடு போனேன். துண்டு ஒயரைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுப் பிரிவென்டரை, மோட்டாருக்குக் கரண்டைச் சேர்த்துவிடும் காண்டாக்டரின் காயில் லைனில் மாட்டினேன். வேண்டுமென்றே இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்து, மோட்டார் எடுக்காமல் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்தது. திரும்பச் சரியாக மாட்டியதும் பச்சை. பேனல் கதவில் பழைய வரிக்குக் கீழே தேதியோடு இன்னொரு வரி எழுதினேன்: "சிவப்பு எரிந்தால் போர் வற்றவில்லை, வரிசை மாறியிருக்கிறது."

போன மாதம் போனபோது அதற்கும் கீழே பெரியப்பாவின் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "பக்கத்துத் தோட்டத்துக்கும் சொல்லவும்."